மொட்டைமேட்டு மெழுகுக் காளான்

அந்தக் காலத்தில் மலைமேல் இருந்த எல்லாவற்றுக்கும் வாய் இருந்தது. புல் பேசும், பாறை பேசும். எருமையும் பேசும், ஆனால் மென்று முடித்த பிறகுதான் பதில் சொல்லும். அதற்குள் கேட்டவர் என்ன கேட்டோம் என்பதையே மறந்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார். எல்லாரையும்விடப் பெரிய வாயாடிகள் காளான்கள்தான். ஒரு மழை விடுவதற்குள் தலையை நீட்டிக்கொண்டு வந்துவிடும்; வந்த கையோடு ஊர்க்கதையை ஆரம்பித்துவிடும். வாழப்போவது நாலு நாள், அதற்குள் இவ்வளவு பேச்சா என்று பாறைகள் அலுத்துக்கொள்ளும்.

மேற்கு மலையின் உச்சியில், மேகம் வந்து உட்கார்ந்து இளைப்பாறுகிற உயரத்தில், மொட்டைமேடு என்று ஒரு சரிவு இருந்தது. பள்ளங்களில் சோலைக்காடு இருட்டாக நிற்கும். மேட்டிலோ பேருக்குக்கூட ஒரு மரம் கிடையாது, முழுக்கப் புல்தான். சரிவின் அடியில் ஓர் உளைச்சேறு கிடந்தது. மேலே இருந்து பார்த்தால் அதுவும் பச்சைப் பசேல் என்று நல்ல புல்தரை போலத்தான் இருக்கும். காலை வைத்தால்தான் சேதி தெரியும். முதலில் முழங்கால், பிறகு இடுப்பு, பிறகு ஆளே இருக்க மாட்டார்.

அந்த மேட்டின் தலைமாட்டில் எருமைப் பட்டி போட்டுக் குடியிருந்தார்கள் மசினியும் அவள் புருஷன் நஞ்சனும். நஞ்சன் எருமைகளை ஓட்டிக்கொண்டு போவான். மசினி பால் கறப்பாள், மோர் கடைவாள், பட்டியைக் கூட்டுவாள், நடுநடுவே நஞ்சனைத் திட்டுவாள். திட்டு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, அவன் நேரத்தோடு வீடு வந்து சேர வேண்டும் என்பதற்காகத்தான். அதற்குக் காரணம் இருந்தது. நஞ்சனுக்கு ஒரு தம்பி இருந்தான், தூமன் என்று பெயர். ஒரு மேகக் காலத்தில் வழி தெரியாமல் அந்த உளைக்குள் இறங்கிவிட்டான். அவன் கூப்பிடுகிற குரல் கேட்டது. மேகத்துக்குள் குரல் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. நாலு பக்கமும் அவனே நின்று கூப்பிடுவது போல இருந்தது. கேட்டுக்கொண்டே நின்றார்கள், குரல் நிற்கும்வரை. அதற்குப் பிறகு மேகம் இறங்கினாலே மசினி வாசலுக்கு வந்து நின்றுவிடுவாள். புருஷன் வாசலில் வந்து காலை உதறுகிற சத்தம் கேட்டால்தான் அவளுக்கு மூச்சு வரும்.

அதனால்தான் ஆனிக் கடைசியில், மேகம் இறங்குவதற்கு முன்னால், மசினி ஒரு வேலை செய்வாள். தேனடையிலிருந்து எடுத்த மெழுகைக் காய்ச்சுவாள். செங்காவி மண்ணை அரைத்து அதில் கலப்பாள். ஒவ்வோர் எருமையின் கொம்பிலும் அந்தச் சிவப்பு மெழுகைத் தடவிவிடுவாள். எத்தனை மழை பெய்தாலும் அது கரையாது. மேகத்துக்குள் கொம்பு சிவப்பாகத் தெரியும், எருமையைத் தொலைக்காமல் இருக்கலாம். எருமையை விடாமல் பிடித்துக்கொண்டால் மனுஷனும் தொலைய மாட்டான் என்பது அவள் கணக்கு. கணக்கு பாதிதான் சரி. எருமைக்கும் மேகத்தில் வழி தெரியாது. அது அதை வெளியே சொல்லாது, அவ்வளவுதான்.

அந்த வருஷமும் மெழுகுச் சட்டியோடு மேட்டில் உட்கார்ந்து தலைமை எருமைக்குப் பூசிக்கொண்டிருந்தாள். விரிந்த கொம்பு உள்ளது என்பதால் அதற்கு விரிச்சி என்று பெயர். பூசி முடித்ததும் விரிச்சி மேயத் தலையைத் தாழ்த்தியது. உடனே கீழேயிருந்து ஓர் அலறல்.

"அக்கா, அக்கா! உங்க எருமையைக் கொஞ்சம் பிடிங்க! என் தலையைத் தின்னப் பாக்குது!"

மசினி குனிந்து பார்த்தாள். மேய்ந்து கட்டையாகிப்போன புல்லுக்கும் பாசிக்கும் நடுவில் சுண்டுவிரல் உயரத்தில் ஒரு காளான் நின்றது. மண் நிறம், வறண்ட தோல், ஓரமெல்லாம் வெடிப்பு. பார்க்கவே பாவமாக இருந்தது.

"யாரு நீ? இந்த மேட்டுல உன்னைப் பார்த்ததே இல்லையே?"

"வீடு இல்லாத காளான் அக்கா. மத்தவங்களுக்கெல்லாம் இடம் பிரிச்சுக் குடுத்தாங்களே, அன்னிக்கு எனக்குக் கிடைக்கல. பட்ட மரத்தை ஒருத்தர் எடுத்துக்கிட்டார். கரையான் புத்தை ஒருத்தர் எடுத்துக்கிட்டார். சாணிக்குவியலுக்கு அடிதடியே நடந்துச்சு. நான் போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு."

"நீ எங்க போயிருந்தே?"

"அலங்காரம் பண்ணிக்கிட்டு இருந்தேன்."

மசினி அதை மேலும் கீழும் பார்த்தாள். "இதுதான் அலங்காரமா?"

"அதான் அக்கா, ஒண்ணும் சரியா வரல" என்றது காளான்.

மசினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே அதன் கதையைக் கேட்டாள். சோலைக்குள் போய்ப் பார்த்ததாம். மரங்கள் சருகைக் கொட்டிக் கொட்டி மூச்சுமுட்ட வைத்துவிட்டன. சாணிக்குவியலில் ஓர் ஓரமாக ஒண்டிப் பார்த்ததாம். ஒரு வாய் தின்றதும் தலை சுற்றி விழுந்துவிட்டது. "எனக்குச் சின்ன வயிறு அக்கா. கொழுப்பான சோறு ஒத்துக்காது. இந்த மேட்டு மண்ணு பட்டினி மண்ணு, யாரும் கொத்தாத மண்ணு. எருமை மேஞ்சு புல்லைக் கட்டையா வெச்சிருக்கு. இதுதான் எனக்குச் சொர்க்கம். ஆனா வெயில் அடிச்சா காஞ்சுபோறேன், மழை பேஞ்சா அழுகிப்போறேன். எழுந்து நிக்கறதுக்குள்ள சாவு வருது."

மசினிக்கு மனசு கேட்கவில்லை. சட்டியில் விரலை விட்டு, மிச்சமிருந்த சிவப்பு மெழுகை அதன் தலையில் வட்டமாகத் தடவிவிட்டாள். "இந்தா, உனக்கும் ஒரு கொம்பு இருக்கட்டும்."

அந்த நேரம் பார்த்து ஒரு தூறல் விழுந்தது. சொட்டு காளானின் தலையில் உருண்டு, நிற்காமல் வழிந்து கீழே போனது. தலை பளபளவென்று சிவந்து நின்றது.

"எப்படி இருக்கேன் அக்கா?"

"கல்யாணப் பொண்ணு கெட்டா போ."

காளானுக்குத் தலைகால் புரியவில்லை. மண்ணுக்குள் அதன் வெள்ளை இழைகள் ஓடிப்போய்க் கூடப்பிறந்தவர்களையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்தன. எல்லாரும் தலையை நீட்டி வரிசையில் நின்றார்கள். மசினி சளைக்காமல் தடவினாள். காவி தீர்ந்துபோனதும் வெறும் மெழுகையே பூசினாள். அதனால்தான் அந்தக் குடும்பத்தில் சிலர் சிவப்பு, சிலர் மஞ்சள். விரிச்சி இதையெல்லாம் பார்த்துக்கொண்டே அசைபோட்டது. "இதுகளைத் தின்னலாமா, கூடாதா?" என்று கேட்டது.

"கூடாது. பக்கத்துல இருக்கிற புல்லைத் தின்னு" என்றாள் மசினி.

பொழுது சாயும்போது விரிச்சி "சரி" என்றது.

ஆடி பிறந்தது, மேகம் இறங்கியது. மசினி வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்து நடந்து தரை தேய்ந்தது. ஆனால் நஞ்சன் அன்று வழக்கத்தைவிடச் சீக்கிரமாக வந்து காலை உதறினான். முகத்தில் ஒரே சிரிப்பு.

"புள்ள, நீ மெழுகு பூசிவிட்டியே, அந்தச் சின்னதுங்க மேகத்துக்குள்ள கங்கு மாதிரித் தெரியுது. அதுங்க நிக்கிற இடத்துல தரை கெட்டி. உளைக்குள்ள ஒண்ணுகூட இல்லை, ஓரத்தோட நின்னுடுச்சுங்க. அதுங்களைப் பார்த்துக்கிட்டே நடந்தேன், பட்டி வந்துடுச்சு."

மசினி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தூமனை நினைத்து அழுதாள். கூடவே, இனிமேல் இப்படிப் பயந்து சாக வேண்டாம் என்று நினைத்தும் அழுதாள். அந்த மேகக் காலம் முழுக்க நஞ்சன் சிவப்பையும் மஞ்சளையும் பார்த்தே நடந்தான். மாலையில் மசினி ஈர மேட்டில் போய் உட்கார்ந்து காளான்களோடு கதை பேசிவிட்டு வருவாள். அவற்றின் வாயை அடைக்க முடியாது; அவள் வாயையும்தான். நல்ல ஜோடி.

கதை இத்தோடு முடிந்திருந்தால் எல்லாருக்கும் நல்லது. ஆனால் மசினிக்கு நன்றி பொங்கிவிட்டது. என் புருஷனைத் திருப்பிக் கொடுத்தவர்களுக்கு நான் என்ன கொடுத்தேன், ஒரு விரல் மெழுகுதானே என்று ராத்திரியெல்லாம் புரண்டு படுத்தாள்.

எருமை வளர்க்கிறவர்களுக்கு எருவைவிடப் பெரிய சீர் கிடையாது. அந்த மலையில் சம்பந்தி வீட்டை மதிக்க வேண்டுமென்றால், நன்றாக மக்கிய எருவைக் கூடை நிறையச் சுமந்துபோய் அவர்கள் கீரைப்பாத்தியில் கொட்டுவார்கள். அவர்கள் "ஐயோ, எதுக்கு இதெல்லாம்?" என்பார்கள். இவர்கள் காதில் வாங்காமல் கொட்டுவார்கள். அதுதான் மரியாதை.

சாப்பாட்டிலும் அதே மரியாதைதான். மசினி வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவர் போதும் என்று இலைமேல் கையை விரித்தால், அவர் விரல் இடுக்கு வழியாக மோரை ஊற்றுவாள். வேண்டாம் என்பது விருந்தாளியின் மரியாதை. விடாமல் போடுவது வீட்டுக்காரியின் மரியாதை. வேண்டாம் என்றதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டால் அவள் என்ன மனுஷி? அப்படித்தான் அவள் வளர்ந்திருந்தாள். அங்கே எல்லாருமே அப்படித்தான் வளர்ந்திருந்தார்கள்.

பட்டி மூலையில் வெகுகாலமாக மக்கிக் கறுத்த எரு இருந்தது. மசினி முதல் கூடையைச் சுமந்துகொண்டு மேட்டுக்கு வந்தாள்.

"என்னக்கா அது?"

"உனக்குத்தான். எங்க பட்டியிலயே நல்லதைப் பொறுக்கிக் கொண்டுவந்திருக்கேன்."

காளான் பதறிவிட்டது. "ஐயோ, வேண்டாம் அக்கா!"

"வெக்கப்படாதே தங்கச்சி. நம்ம வீடுன்னு நினைச்சுச் சாப்பிடு."

"வெக்கம் இல்லக்கா. எருமை மேயறப்போ போடுற சாணி வேற. அது இந்த மேட்டுலயே தின்னது, இந்த மேட்டுக்கே திரும்பி வருது. ஆனா இப்படிக் கூடை கூடையா வந்தா எங்களுக்குத் தாங்காது. எங்களுக்குச் சின்ன வயிறுன்னு அன்னிக்கே சொன்னேனே."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க" என்று சொல்லிவிட்டு மசினி கூடையைக் கவிழ்த்தாள்.

பார்த்துக்கொண்டிருந்த நஞ்சன் மெதுவாக வாயைத் திறந்தான். "அது நிஜமாவே வேண்டாங்குது போல இருக்கே புள்ள."

"நீங்க முதமுதல்ல எங்க வீட்டுக்குப் பொண்ணு பார்க்க வந்தப்ப என்ன சொன்னீங்க மாமா? வேண்டாம், இப்பத்தான் சாப்பிட்டேன்னு சொன்னீங்க. அப்புறம் எத்தனை உருண்டை களி உள்ள போச்சு? எங்கம்மா அடுத்த உலை வெச்சது மறந்துபோச்சா?"

நஞ்சன் எருமைகளை ஓட்டிக்கொண்டு கிளம்பினான்.

மேகம் விலகி, பனிக்காலம் வந்து, அதுவும் போகும்வரை மசினி சுமந்தாள். இடுப்பு ஒடிய ஒடியச் சுமந்தாள். தினமும் மேட்டில் "போதும் அக்கா, போதும் அக்கா" என்று குரல் கேட்கும். முதலில் மேடு முழுக்கக் கேட்டது. பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. வயிறு நிறைந்து தூங்குகிறார்கள் என்று மசினி சந்தோஷப்பட்டாள். சொல்லவே எனக்கு நெஞ்சு வலிக்கிறது, ஆனால் அவள் நிஜமாகவே சந்தோஷப்பட்டாள். சத்தம் போட்டால் எழுந்துவிடுவார்களோ என்று கூடையைக்கூட மெதுவாக இறக்கி வைத்தாள்.

புல்லுக்குத்தான் கொண்டாட்டம். எருவைக் குடித்துக் குடித்துக் கொழுத்தது. முழங்காலைத் தாண்டி, இடுப்பைத் தொட்டு, கட்டுமஸ்தாக நின்றது. "பார்த்தியா என்னை?" என்று காற்றிடம் பீற்றிக்கொண்டது. அதன் காலடியில் பாசி வெளிச்சம் இல்லாமல் செத்தது. மண்ணுக்குள் வெள்ளை இழைகள் ஒவ்வொன்றாகக் கருகின. அதெல்லாம் மேலே நிற்கிறவர்களுக்குத் தெரியாது.

விரிச்சி அந்தப் புல்லை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. மற்ற எருமைகளும் திருப்பிக்கொண்டன.

"ஏன்டி? நல்லாக் கொழுகொழுன்னு இருக்கே, தின்னா என்ன?" என்று மசினி கேட்டாள்.

மறுநாள் விரிச்சி பதில் சொன்னது. "நாத்தம்."

எருமை தன் சாணி நாற்றம் அடிக்கிற புல்லை வாயில் வைக்காது. இது எருமைக்காரி மசினிக்குத் தெரியாததா? தெரியும். நன்றி கண்ணை மறைத்துவிட்டது. மேட்டுப் புல்லை விட்டுவிட்டு மந்தை கீழே கீழே இறங்கி, உளைக்குப் பக்கத்தில் இருந்த பழைய கட்டைப் புல்லைத் தேடிப் போக ஆரம்பித்தது. நஞ்சனும் பின்னாலேயே போனான்.

மறுபடி ஆனி வந்தது. மசினி மெழுகு காய்ச்சி எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போனாள். ஒரு தலையும் எழவில்லை. கூப்பிட்டுப் பார்த்தாள். புல்தான் சலசலத்தது. அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "வருஷம் முழுக்கச் சுமந்து கொட்டியிருக்கேன். போறப்போ ஒரு வார்த்தை சொல்லிக்கிட்டுப் போகத் தெரியாதா? நல்ல ஜென்மங்க!" என்று சொல்லிவிட்டுச் சட்டியோடு திரும்பி வந்தாள். அன்று சாப்பிடவில்லை. கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம்.

ஆடியில் ஒரு மத்தியானம் மேகம் இறங்கியது. மெதுவாக வரவில்லை; பானையிலிருந்து கஞ்சியைச் சாய்த்தது போல மேட்டை ஒரேயடியாக மூடியது. நஞ்சன் மந்தையோடு கீழே இருந்தான்.

மசினி வாசலில் நின்றாள். காலை உதறுகிற சத்தம் வரவில்லை. பிறகு அவன் குரல் கேட்டது. "மசினி! ஏ மசினி!" வலது பக்கமிருந்து வந்தது. அடுத்த முறை இடது பக்கமிருந்து வந்தது. அதற்கடுத்த முறை முதுகுக்குப் பின்னாலிருந்து. தூமனின் குரல் இப்படித்தான் நாலு பக்கமும் சுற்றியது.

"நகராதீங்க மாமா! இருக்கிற இடத்துலயே நில்லுங்க!" என்று கத்தினாள். ஆனால் எத்தனை நேரம் நிற்பான்? எருமைகள் நிற்குமா? மேகம் ஒருமுறை உட்கார்ந்தால் எழுந்து போக வாரக்கணக்கில் ஆகும். குளிர் அதற்குள் ஆளை முடித்துவிடும்.

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மேட்டுக்குள் இறங்கினாள். சிவப்பு ஒன்றாவது தெரிகிறதா என்று தேடினாள். இடுப்பளவுப் புல் முகத்தில் அடித்தது. குனிந்து விலக்கி விலக்கிப் பார்த்தாள். கறுத்த எருதான் தெரிந்தது, அவள் கையால் கொட்டிய எரு. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. யாரும் கோபித்துக்கொண்டு போகவில்லை. தங்கச்சி தங்கச்சி என்று கொஞ்சிக் கொஞ்சி அவளேதான் அத்தனை பேரையும் கொன்றிருக்கிறாள். "அடிப் பாவி, அடிப் பாவி" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதபடியே நடந்தாள்.

மேட்டின் நடுவில் ஒரு பாறை உண்டு. அதன் விளிம்பில் விரல் கனத்துக்குத்தான் மண். அங்கே எருக்கூடையைக் கவிழ்க்க இடமில்லை என்று அவள் விட்டிருந்தாள். அந்த விளிம்பில், பாசியின் மேல், ஒரே ஒரு சின்னச் சிவப்பு.

மசினி பொத்தென்று மண்டியிட்டாள். "இருக்கியா? நீயாவது இருக்கியா?"

"இருக்கேன் அக்கா" என்றது காளான். அந்த வாயாடிக் குரல் இப்போது மூச்சு அளவுக்குத்தான் வந்தது. "நான்தான் வேண்டாம்னு சொன்னேனே அக்கா."

"எல்லாரும்தான்டி வேண்டாம்னு சொல்றாங்க!" என்று மசினி கதறினாள். "எனக்கு எப்படித் தெரியும்? எங்க ஊர்ல யாரும் நிஜமா வேண்டாம்னு சொன்னதே இல்லையே!"

கீழேயிருந்து நஞ்சனின் குரல் மறுபடி கேட்டது. முன்னைவிடத் தேய்ந்திருந்தது.

"என்னை என்ன வேணாலும் சொல்லு. அவரை மட்டும் காப்பாத்து" என்றாள் மசினி. "கேக்க எனக்கு வாய் இல்லை. இருந்தாலும் கேக்கறேன்."

"இந்தப் பாறையில இருந்து அவர் நிக்கிற இடம் வரைக்கும் மண்ணுக்குள்ள இன்னும் ஒரு இழை உயிரோட இருக்கு. அது வழியா என்னால தலை எழுப்ப முடியும். ஆனா இந்தப் புல்லுக்குள்ள எழுந்தா யாருக்குத் தெரியும்? நீங்க அறுத்துக்கிட்டே போகணும், எருவையும் வழிச்சு எறியணும். நான் பின்னாலயே வர்றேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னது: "எங்கிட்ட மிச்சம் இருக்கிறது கொஞ்சம் சத்துதான் அக்கா. தலை எழுப்பினா பேச்சுக்கு மிச்சம் இருக்காது. எனக்கு மட்டும் இல்ல, எங்க மொத்தக் கூட்டத்துக்கும்."

பேச்சு என்றால் காளானுக்கு எவ்வளவு உயிர் என்று மசினிக்குத் தெரியும். "வேற வழியே இல்லையா?"

"அறுங்க அக்கா. நேரம் போகுது."

மசினி இடுப்பிலிருந்த புல்லறுக்கும் அரிவாளை எடுத்தாள். வேரோடு ஒட்ட அறுத்தாள். அறுத்ததை வாரி அப்பால் எறிந்தாள். எருவை இரண்டு கையாலும் வழித்துத் தள்ளினாள். கொழுத்த புல்லின் ஓரம் கத்தி போல இருந்தது, உள்ளங்கை கிழிந்தது. நிமிரவில்லை. அவளுக்குப் பின்னால், கட்டையாகிப்போன தரையில், ஒரு சிவப்பு எழுந்தது. அடுத்து ஒரு மஞ்சள். அடுத்து ஒரு சிவப்பு. பாறையிலிருந்து கீழ்நோக்கி ஒற்றைக் கோடாக, அவள் முன்னேற முன்னேற, பளபளவென்று நனைந்த தலைகள் எழுந்துகொண்டே வந்தன.

புல் அழுதது. "நீதானே வளர்த்தே, இப்போ நீயே அறுக்கறியே?" என்றது. மசினி அடுத்த பிடியை அறுத்தாள்.

கொழுத்த புல் முடிந்து பழைய மேய்ச்சல் தரை தொடங்கியது. அங்கே அறுக்க வேண்டிய வேலை இல்லை. காளான்கள் அவளை முந்திக்கொண்டு ஓடின. அடிச்சரிவில், உளைக்கு நாலடி இந்தப் பக்கம், நஞ்சன் விரிச்சியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றான். முழங்கால்வரை சேறு. ஒருமுறை உள்ளே காலை வைத்துவிட்டு விரிச்சியின் கொம்பைப் பிடித்து வெளியே வந்திருந்தான். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே வெள்ளை. அதற்குள், கால் பெருவிரலுக்கு முன்னால், ஒரு சிவப்புத் தலை மண்ணைப் பிளந்துகொண்டு வந்தது. அதற்கு அப்பால் ஒரு மஞ்சள். நஞ்சன் ஒன்றும் யோசிக்கவில்லை. ஒவ்வொன்றாகப் பார்த்து அடி எடுத்து வைத்தான். விரிச்சி பின்னாலேயே வந்தது. மந்தை விரிச்சியின் பின்னாலேயே வந்தது.

பாதி வழியில் மசினி எதிரே நின்றாள். கையெல்லாம் ரத்தம், முகமெல்லாம் எரு. அவன் தோளைத் தொட்டுப் பார்த்தாள், முகத்தைத் தடவிப் பார்த்தாள். அப்புறம் வழக்கம்போலத் திட்டினாள். "பொழுதோட வந்து சேர மாட்டீங்களா மாமா?" அவன் சிரித்தான். பிறகு இரண்டு பேரும் அழுதார்கள்.

எருமைகள் பட்டியைப் பார்த்து மேலே போய்விட்டன. மசினி போகவில்லை. பாறைப் பக்கம் திரும்பிப் போய் உட்கார்ந்து மறுபடி அறுக்க ஆரம்பித்தாள். இந்த மேடு முழுக்கக் கொட்டியதை இன்றைக்கே வழித்துவிடுகிறேன், எல்லாரையும் எழுப்பிவிடுகிறேன் என்று வெறி பிடித்தவள் போல அறுத்தாள். நஞ்சன் தடுத்தும் கேட்கவில்லை.

அப்போது பாறை விளிம்பிலிருந்து அந்தச் சின்னச் சிவப்பு கடைசியாக ஒரு வார்த்தை பேசியது.

"போதும் அக்கா."

மசினியின் அரிவாள் அந்தரத்தில் நின்றது. இன்னும் ஒரு பிடி அறுத்தால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் அறுக்கவில்லை. அரிவாளைக் கீழே வைத்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக, ஒருவர் போதும் என்றதும் அவள் நிறுத்தினாள்.

அதற்குப் பிறகு காளானிடமிருந்து பேச்சே வரவில்லை. மசினி வருஷா வருஷம் மேட்டுக்குப் போனாள். அவள் அறுத்த ஒற்றைக் கோட்டில் மட்டும் சிவப்பும் மஞ்சளும் எழுந்தன. எரு கொட்டிய மற்ற இடமெல்லாம் மழை கழுவி, எருமை மேய்ந்து, மெல்ல மெல்ல மெலிந்தது. கொழுக்க வைக்க ஒரு வருஷம் போதுமாயிருந்தது. மெலிய வைக்க அவள் ஆயுசு போதவில்லை. மேடு முழுக்கச் சிவந்ததை மசினி கடைசிவரை மறுபடி பார்க்கவே இல்லை. போகும்போதெல்லாம் பாறைப் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏதாவது வேணுமா தங்கச்சி?" என்று கேட்பாள். பதில் வராது. வராவிட்டால் ஒன்றும் வேண்டாம் என்று அர்த்தம் என எடுத்துக்கொண்டு, கையை மடியில் வைத்தபடி கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வருவாள்.

அன்று முதல்தான் மெழுகுக் காளான் வாய் பேசாமல், மண்வெட்டி படாத, எரு காணாத, மாடு மேய்ந்த கட்டைப் புல்லில் மட்டும் பளபளவென்று ஈரத் தலையோடு எழுந்து நிற்கிறது. அன்று முதல்தான் அந்த மலைக்காரர்கள் வீட்டில் விருந்தாளி ஒருமுறை போதும் என்றாலே கரண்டி நின்றுவிடுகிறது. கீழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் அதைக் கஞ்சத்தனம் என்று நினைத்துக்கொண்டு பாதி வயிற்றோடு எழுந்து வருகிறார்கள்.